ஒன்லி செக்கிங், மேடம்

இந்த ஆஸ்திரேலியாக்காரர்கள் வெறுங்காலோடு கடைக்குப் போகிறார்கள். கடற்கரைக்கு அல்ல ஐயா, கடைக்கு! பால் வாங்க, பெட்ரோல் போட, ஒருமுறை பேங்குக்கே அப்படி வந்த ஒரு ஆளைப் பார்த்தேன். காலெல்லாம் மணல், கையில் கார் சாவி, முகத்தில் துளிக் கூச்சம் கிடையாது. நான் ஆம்பூர்க்காரன். ஊர் ஊராக, நாடு நாடாக ஷூ தைத்து அனுப்புகிற ஊர். பெட்டி பெட்டியாக நாங்கள் அடுக்கி அனுப்பியதையெல்லாம் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று வந்த புதிதில் எனக்குப் பேஜாராகப் போய்விட்டது.

என் மனைவி எஸ்தர் வேலூரில் நர்ஸிங் படித்தவள். ஜீலாங் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் விசாவில் தொற்றிக்கொண்டு நானும் எங்கள் மகள் கெசியாவும் வந்து சேர்ந்தோம். நான் இப்போது ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் வேறொரு இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. வந்த முதல் வாரமே எஸ்தர் சொல்லிவிட்டாள்: "நம்ம ஆளுங்க யாராவது ஊர்ல இன்னா வேலைன்னு கேட்டா, எக்ஸ்போர்ட்னு மட்டும் சொல்லுங்க. தோலுன்னு வாயத் தொறக்காதீங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் பிறந்த எவனுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. தோல் என்றால் அடுத்த கேள்வி "எந்தத் தெரு" என்று வரும். அதற்கடுத்த கேள்வியை வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள்.

மூன்று வருடம் எக்ஸ்போர்ட்காரனாகவே இருந்தேன். அதற்குக் காரணம் கெசியா. மோகன் என்று நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர் மனைவி சனிக்கிழமைதோறும் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறார். கெசியாவுக்குத் தமிழ் எழுத வந்தது அந்த வீட்டில்தான். அந்த வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்பதுதான் எஸ்தரின் பயமெல்லாம்.

போன கோடையில் இரண்டு குடும்பமுமாக, ஆளுக்கொரு காரில், கடலோரச் சாலையில் ஒருநாள் சுற்றலாம் என்று கிளம்பினோம். கிரேட் ஓஷன் ரோடு. இடது பக்கம் முழுக்கக் கடல், வலது பக்கம் காடும் மலையும். நாலு மைலுக்கு ஒரு சிற்றூர். ஊருக்கு ஒரு கடற்கரை, ஒரு பேக்கரி, அலைச்சறுக்குப் பலகை விற்கிற ஒரு கடை. டார்க்கி என்ற ஊரில் டீ குடிக்க இறங்கினோம். விடியற்காலையில் எழுந்து நான் செய்திருந்த பிரியாணியும் கத்திரிக்காயும் எங்கள் கார் டிக்கியில் மணத்துக்கொண்டிருந்தன. மோகன் மூக்கை உறிஞ்சினார். "ஆம்பூர்க்காரர் கையால பிரியாணி! சாப்பாட்டுக்கு லார்ன் போனதும் முதல்ல அந்தப் பாத்திரத்தத்தான் திறக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

கடலைப் பார்த்தால் எல்லாருக்கும் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டியவர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு மூன்று தரம் குளிப்பார். அப்படியும் டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். நிற்கிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். அப்பா காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு, "பாத்தியாடா, நமக்கு எப்பவும் ரெண்டு சீட்டு" என்பார். அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்க வரவில்லை. பாலாறு பாழானதில் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் பாலாற்றுக்காக நிற்கவில்லை.

அடுத்த ஊர் ஆங்கிள்சீ. கடற்கரைக்கு இறங்கும் மரப்படியில் வரிசையாகச் செருப்புகளும் ஷூக்களும். காவலுக்கு ஆள் இல்லை, டோக்கன் இல்லை, அவரவர் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு ஜோடி பழுப்பு பூட்ஸ், நல்ல மாட்டுத் தோல். பதினைந்து வருடம் ஷூ கம்பெனிச் செக்கிங் டேபிளில் நின்ற கை சும்மா இருக்குமா? எடுத்தேன். கட்டைவிரலால் தையலைத் தடவினேன், பூட்ஸின் முன்மூக்கை வளைத்துப் பார்த்தேன், உள்ளே முகர்ந்தேன். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் பாஸ் பண்ணுவது எங்கள் கம்பெனியில் பாவம். அதனால் மற்றதையும் எடுத்தேன். ஜோடிக்கு நிறம் ஒத்துப்போகிறதா என்று நிழலில் தெரியாது, வெளிச்சம் வேண்டும். ஆகவே இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்து நடந்தேன்.

"ஹேய்! அது என்னுடையது!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஒரு வயதான வெள்ளைக்காரம்மா தண்ணீரிலிருந்து ஓடிவந்தாள்.

"ஒன்லி செக்கிங், மேடம்" என்றேன். எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷ் அதுதான்.

"எதைச் செக் பண்ணுகிறாய்?" என்றாள். அவள் முகம் சிவந்துபோயிருந்தது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யோ, இன்னா பண்றீங்க, வெச்சிட்டு வாங்க!" என்று மேல்படியிலிருந்து எஸ்தர் பதறினாள். மோகன் வேகமாக இறங்கிவந்து, பெரிய சிரிப்போடு, "ஸாரி, என் நண்பர் எக்ஸ்போர்ட் பிஸினஸில் இருக்கிறார்" என்று அவளிடம் விளக்கினார். அவள் இன்னும் உற்றுப் பார்த்தாள். எக்ஸ்போர்ட் முதலாளி எதற்காக அவள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறான்? நியாயமான சந்தேகம்தானே! மூன்று வருடமாகக் கட்டிக்காத்த பொய், ஒரு ஜோடி பூட்ஸுக்குக் கூடப் பதில் சொல்லவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நோ எக்ஸ்போர்ட்" என்றேன். "ஐ ஆம் லெதர் மேன். மை ஃபாதர் டேனரி. மீ ஷூ ஃபேக்டரி, ஃபிஃப்டீன் இயர்ஸ்." வலது பூட்ஸைத் திருப்பி, அடிப்பாகம் சேரும் இடத்தில் தையல் எழும்பியிருந்ததைக் காட்டினேன். "வாட்டர் கம்மிங், மேடம்."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மழையில் வலது கால் மட்டும் நனைகிறதே என்று இத்தனை நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாளாம். ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மோகன் சிரிக்கவில்லை. "டேனரியா? நீங்க சொல்லவே இல்லையே. அப்ப நீங்க..." என்று நிறுத்தினார்.

"கேளுங்க சார். ஏன் பாதில நிறுத்திட்டீங்க?"

"இல்ல இல்ல, சும்மாதான்."

லார்ன் வந்தது. புல்தரையில் ஜமுக்காளம் விரித்தோம். பாத்திரத்தைத் திறந்தேன். மோகனின் மனைவி, "காலைல இட்லி ஜாஸ்தி ஆயிடுச்சுங்க, பசியே இல்ல" என்றார். மோகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அவசர வேலையாம். கால் மணி நேரத்தில் அவர்கள் கார் ஜீலாங்கைப் பார்க்கத் திரும்பிவிட்டது. ஆம்பூர் பிரியாணி வேண்டும், ஆம்பூர் தோல் வேண்டாம்! சோறாக்கிய கையும் செருப்பு செய்த கையும் ஒரே கைதான் சார், நடுவில் மாற்றிக்கொண்டு வரவில்லை.

எஸ்தர் தட்டுகளை எடுத்துப் பரப்பினாள். "சனிக்கிழம கிளாஸ் போச்சு" என்றாள்.

"போவட்டும். உனக்குத் தமிழ் தெரியாதா, எனக்குத் தெரியாதா?"

"நான்தான் உங்கள அப்டி சொல்லச் சொன்னேன்."

"ஆமா, நீதான் சொன்ன."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். "கத்திரிக்காய ஜாஸ்தியா வைங்க" என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள். அவர்கள் பங்கிலும் கொஞ்சம் சாப்பிட்டாள். நாங்கள் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? சாலை மீதி இருந்தது.

மாலையில் அப்போலோ பே என்ற ஊர். கெசியா ஐஸ்க்ரீம் கேட்டாள். காரைவிட்டு வெறுங்காலோடு இறங்கி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டாள். "ஏய், செருப்பில்லாம கடைக்குள்ள போவாத!" என்றாள் எஸ்தர். "இங்க யாரும்மா போடறாங்க?" என்று சாலையைத் தாண்டி ஓடிவிட்டாள். மணல் ஒட்டிய காலோடு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்றாள். நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை மெல்ல நகர்ந்தது. அவள் கையிலிருந்த ஒரு ஷூவைத் திருப்பினாள். கட்டைவிரலால் தையலைத் தடவினாள், மூக்கை வளைத்துப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு மற்றதையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள்.