சர்க்கரைக்கொல்லித் தயிர்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறி, காலில் வந்த புண் ஆறாமல் கிடந்தது. வாயைக் கட்டாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சாதித்தார். மாத்திரை தவறவில்லை, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் இலைப் பொடி வாங்கினேன். சர்க்கரைக்கொல்லி என்பார்களே, அதுதான். கஷாயம் என்றால் இவர் தெருமுனைக்கு ஓடிவிடுவார். தயிர் இல்லாமலோ சோறு இறங்காது. இரண்டையும் சேர்த்தால் என்ன? எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் செய்து பார்க்காமல் மண்டை வெடித்துவிடும்.

முதல் நாள் கொதிக்கிற பாலிலேயே கஷாயத்தை ஊற்றினேன். திரிந்துபோனது. அடுத்த நாள் ஆறவைத்துக் கலந்தேன். தயிராகாமல் கொழகொழவென்று நின்றது. அப்புறம் கஷாயத்தைச் சுண்டவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பான பாலில் ரெண்டே கரண்டி விட்டு, உறைமோரைத் தாராளமாக ஊற்றினேன். காலையில் மூடியைத் திறந்தால் லேசான பச்சையில் கட்டித் தயிர்! கசந்தது. உப்பும் இஞ்சியும் போட்டுச் சமாளித்தேன். ஏன் பச்சை என்று இவர் கேட்டதற்கு, கறிவேப்பிலை அரைத்துக் கலந்தது என்று சொல்லிவிட்டேன்.

மதியம் அந்தத் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் போடுவதாக வண்டியில் போனவர் பத்து நிமிஷத்தில் ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். முகமெல்லாம் கோபம்.

"ஏட்டி, ஊரையே ஏமாத்துதான் அந்த அல்வாக் கடைக்காரன்! மண்ணத் தின்ன மாதிரி இருக்கு. நீயே தின்னு பாரு."

தின்றேன். நல்ல இனிப்பு. அந்த இலை நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னது நிஜம்தானா! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இவர் கையில் அல்வா எப்படி வந்தது என்பது அதற்குப் பிறகுதான் புத்தியில் பட்டது.

"எத்தன நாளா நடக்கு இது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் போன பிறகு அல்வாவா தாங்கிப் பிடிக்கும் என்று கத்தினேன். கத்திய வேகத்தில் தயிரில் கலந்ததையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார்.

மறுநாள் மதியம் சோறு போட்டதும் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தத் தயிர் இருக்கா? நெறைய ஊத்து. இப்ப அந்தக் கட வழியாத்தான் போகணும். எனக்கு எம்மேல நம்பிக்க இல்ல."