தென்துருவத்துக்கு கரண்டு அனுப்புத ஊரு

மின்னல் விழுததுக்கு முன்னாடியே மோப்பம் பிடிக்குததுதான் எம்பொழப்பு, "என்ன வேலைலே பாக்குத?"ன்னு சொந்தக்காரவிய கேட்டா முழிக்குத என் இனத்து மக்களே, கேளுங்க.

வெயில்ல ஒரு காத்தாடி

காலேஜைப் பாதில விட்டுட்டு, கோவில்பட்டி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல சேந்தேன். மொட்டமாடில ஒரு கம்பி, அதுல சுத்துத சின்னக் காத்தாடி. மேல வானத்துல எம்புட்டு மின்சாரம் நிக்குதுன்னு அது மீட்டர்ல காட்டும். கூடிச்சுன்னா மின்னல் வரப்போவுதுன்னு நான் சங்கு ஊதணும். களத்துல குச்சி உலத்துத அக்காமாரு கட்டடத்துக்குள்ள ஓடணும். முதலாளி அண்ணாச்சி அண்ணாந்து பாத்தாவ.

"ஏலே, காத்தாடிய வெயில்ல மாட்டிருக்க, வேக்குதது எனக்கா, வானத்துக்கா?"

புழுதிக்கு ஊதுன சங்கு

சித்திரை மத்தியானம் மீட்டர் துள்ளிச்சு. ஊதிட்டேன். எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுனாவ. வந்தது கரிசப் புழுதி! காஞ்ச புழுதி பறந்தாலே காத்துல மின்சாரம் ஏறுமாம். "இன்னொரு தடவ பொய்யா ஊதுன, வேலை கிடையாது"ன்னுட்டாவ அண்ணாச்சி.

மீட்டர் மாட்டிக் குடுத்த மேடத்துக்குப் போன் போட்டேன். தென்துருவத்துல ஆராய்ச்சிக்குப் போயி, ஒரு வருசம் இதே மாதிரி மீட்டரோட இருந்தவிய. புழுதின்னா துள்ளி அடங்கும், இடிமேகம்னா ஏறுனது இறங்காதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, சிரிச்சாவ.

"அங்க பனித்தூள் பறந்தாலும் இதே கூத்துதான் தம்பி. நான் குளிர்ல ஏமாந்தேன், நீங்க வெயில்ல ஏமாந்தீங்க."

நம்ம பங்கு

அவிய இன்னொண்ணும் சொன்னாவ. தென்துருவத்துல மின்னலே அபூர்வம். ஆனா பனி பறக்காத தெளிஞ்ச நாள்லயும் அங்கன மீட்டர் ஏறி இறங்கும். உலகம் பூரா இடிமேகம் மேல ஏத்துத மின்சாரம் பரவிப் போயி, அங்கனயும் இறங்குதாம். அப்ப நம்ம கயத்தாறு பக்கம் விழுத இடிக்கும் அதுல பங்கு உண்டுல்லா? நெஞ்ச நிமித்திட்டு களத்துல போய்ச் சொன்னேன். செல்லத்தாயி அக்கா குச்சியக் கிண்டிக்கிட்டே கேட்டா:

"இங்கன தெனம் கரண்டு போவுது, பனிக்காட்டுக்கு எதுக்குலே சப்ளை?"

ரெண்டாவது சங்கு

ஐப்பசி. தலைக்கு மேல நல்ல வெயில். கயத்தாறு பக்கம் மட்டும் கருப்பு. புழுதியே இல்ல, மீட்டர் ஏறுது, இறங்கல. ஊதிட்டேன்.

"இன்னைக்கும் புழுதியாலே?"ன்னு அண்ணாச்சி வந்தாவ. "பொய்யின்னா நானே போயிருதேன் அண்ணாச்சி, மொதல்ல இவியள உள்ள விடுங்க"ன்னேன். செல்லத்தாயி அக்கா மொனங்கிக்கிட்டே கடைசியா உள்ள வந்தா. கொஞ்ச நேரந்தான். படார்! களத்தோரத்து வேம்பு ரெண்டாப் பொளந்து நிக்கி. அதுக்கடியிலதான் அவ வழக்கமா உக்காருவா. அண்ணாச்சி மரத்தப் பாத்தாவ, மொட்டமாடியப் பாத்தாவ.

"ஏலே, அந்தக் காத்தாடிக்கு வேக்குதான்னு பாரு, நான் விசிறி விடுதேன்."

காலேஜ்ல வாத்தியார் சொல்லி நான் கிளாஸ விட்டு வெளிய போனேன். இப்ப நான் சொல்லி ஒரு களமே உள்ள போவுது.