மார்புக்குள் ஒரு டிக் டிக்

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் கேட்டது, டிக், டிக். யாரோ கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டார்கள் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். அவர் என் மார்பைக் காட்டினார்.

கெட்டுப்போன மைட்ரல் வால்வுக்கு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) பதிலாக உலோக வால்வு வைத்திருந்தார்கள். துடிக்கும்போதெல்லாம் அது மூடிக்கொள்ளும் சத்தம். "பழகிடும்மா" என்றார் டாக்டர். அவருக்கென்ன, அவர் மார்பிலா வைத்தார்கள்!

எங்கள் கிராமமான பெருநகருக்குத் திரும்பினேன். சாப்பிட உட்கார்ந்தால் டிக், சாமி கும்பிட்டால் டிக். எரிச்சலில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

என் கணவர் வயலில் மோட்டார் கொட்டகையிலேயே படுத்துத் தூங்குகிறவர். "அவ்ளோ சத்தத்துல நான் தூங்கல? கரண்ட் பூட்டு மோட்டார் நின்னாதான் முழிச்சிக்கிறேன். நீயும் அப்டி ஆயிடுவ, பேஜார் பண்ணாத" என்றார்.

மூன்றாம் மாதம் அப்படியே ஆனது. கவனித்தால் மட்டுமே கேட்டது. துடிப்போடு சத்தம் வரும் என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தூக்கத்திலும் அந்த எதிர்பார்ப்பு ஓடுகிறது என்று டாக்டர் விளக்கினார்.

இதற்கிடையில் என் நாத்தனார் தினமும் முருங்கைக்கீரை வதக்கிக் கொண்டுவந்தாள். "ஆபரேசன்ல எவ்ளோ ரத்தம் பூட்ச்சி, ஊற வாணாமா அண்ணி?" ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் வேலையைக் கீரை கெடுக்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கீரை என்ன செய்துவிடும் என்று நானும் தின்றேன். புத்தி கெட்ட வேலை.

ஒரு மதியம் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மூச்சு வாங்கியது. மார்பில் கை வைத்தேன், துடித்தது.

"இன்னாங்க, சத்தத்தக் காணோம்!"

கணவர் மார்பில் காதை வைத்தார். "துடிக்குது, டிக்கக் காணோமே" என்றவர் வேன் பிடிக்க ஓடினார்.

எக்கோவில் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) வால்வில் ரத்தக்கட்டி தெரிந்தது. "கீரையா? தினமுமா?" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் மதியம், முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக, டிக். வாய்விட்டு அழுதேன்.

உலோக வால்வு உள்ளவர்களே, காது கொடுத்தும் சத்தம் கேட்காவிட்டால் நிம்மதி என்று இருந்துவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இப்போதும் படுக்கும்முன் மூச்சை அடக்கிக் கேட்கிறேன். ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முன்பு எனக்குத் தெரியாது. அடுத்தது வருகிறது. சனியன், இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுகிறேன்.