பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தவர்

பக்கிரிசாமி இறந்த செய்தியை எனக்குக் கத்திச் சொன்னார்கள். திரிங்காப்பில் நான் சாமந்தி போட்டிருக்கும் சரிவுக்குக் கீழே லோரி வந்து நின்றது. பூ ஏற்றிப் போகும் முருகேசு இறங்கி வந்து, என் காதோரம் நின்றுகொண்டு, "பக்கிரி செத்துட்டாரு வாத்தியாரே. காலைல பேக்டரியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். போனது குரல்தான். ஆனால் பேச முடியாதவனுக்குக் கேட்கவும் முடியாது என்று இந்த மலையில் ஏதோ ஒரு தீர்மானம் இருக்கிறது. முருகேசு நல்ல மனிதர், கண் கலங்கித்தான் சொன்னார். லோரி போன பிறகு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் மெதுவாகப் பேசிய ஒரே மனிதர் போன செய்தி, இப்படிக் கத்தலாகவா எனக்கு வர வேண்டும்?

இதை வாசிக்கும் உங்களில் பலருக்குப் பக்கிரியைத் தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவராகத் தெரியும். அவர் மேல் எப்போதும் தேயிலை வாசம் அடிக்கும் என்பீர்கள். எனக்குத் தெரியாது. தொண்டையில் நடந்த அறுவைக்குப் பிறகு என் மூக்கு வழியாக மூச்சு போவதில்லை, அதனால் வாசமும் இல்லை. வேறு சிலருக்கு அவரை நோய் வந்த வீட்டில் தெரிந்திருக்கும். புற்றுநோய் கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளுக்குப் போய்வர, பிரிஞ்சாங்கில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். புண்ணைத் துடைத்துவிடுவார்கள், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணை போவார்கள், சும்மா வந்து உட்காரவும் செய்வார்கள். சம்பளம் கிடையாது. அதில் எதற்குச் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பெரிய காரணம் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். "அவங்கள்ல மோட்டார் சைக்கிள் வச்சிருந்தது நான் ஒருத்தன்தான் லா" என்றார்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். மலைக்குத் தனியாக வந்தேன், தனியாகவே இருந்துவிட்டேன். கடைசி பெஞ்சில் தூங்கும் பையனை இடத்தைவிட்டு நகராமலே எழுப்பிவிடும் குரல் எனக்கு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் அது கரகரத்தது. சுண்ணக்கட்டித் தூள் என்றேன், பனி என்றேன். கோலாலம்பூரில் பார்த்தவர்கள் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தடியில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்த முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். ஹார்லிக்ஸ் போத்தல்கள் வரிசையாக நின்றன. வந்தவர்கள் எல்லோரும் உரக்கக் கேட்டார்கள். நான் சிலேட்டில் பதில் எழுதி முடிப்பதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை. இருமினால் துளை வழியாகச் சளி தெறிக்கும், அந்த வீட்டுக்கு யார்தான் பிள்ளை குட்டியோடு வருவார்கள்? என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் வீடு பள்ளியை ஒட்டி இருந்தது. அவர் பாடம் நடத்துவது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். மதியம் வரை கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

அப்படி ஒரு மதியம்தான் மோட்டார் சத்தம் கேட்டது. பக்கிரி நனைந்த மழைக்கோட்டை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "சாப்டீங்களா வாத்தியாரே?" மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு ஏனோ எரிச்சல். இவரும் எழுந்து போகிறவர்தானே என்று வேண்டுமென்றே நீளமாக எழுதினேன். என்ன சமைத்தேன், அது தொண்டையில் ஏன் இறங்கவில்லை, அரிசி எந்தக் கடை அரிசி என்று சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதினேன். மனிதர் அசையவில்லை. முடித்ததும் சிலேட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசித்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் ஒரு வாக்கியத்துக்கு அவர் நாலு இடத்தில் நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஆனாலும் நான் நினைத்தது ஒன்று அந்த அறையில் சத்தமாகக் கேட்டது. அவர் போன பிறகு அழுதேன். அழுதாலும் சத்தம் வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு வாரா வாரம் வந்தார். பனி நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று நான் எழுதியதைப் பார்த்து, அவர் மனைவி செல்லம்மாவைக் கழுத்துக்குக் கம்பளி நூலில் ஒரு துணி பின்னித் தரச் சொன்னார். நான் எழுதுவதையெல்லாம் வாய்விட்டு வாசிப்பார், வாசிக்கும்போது, இங்கே எல்லோர் பேச்சின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா' ஒன்றைத் தன் பங்குக்குச் சேர்ப்பார். 'உடம்பு பரவாயில்லை' என்று எழுதினால் "உடம்பு பரவால்ல லா" என்று வரும். நான் அப்படி எழுதவில்லையே என்று எழுதிக் காட்டினேன்.

"எழுதல. பேசியிருந்தா அப்படித்தான பேசியிருப்பீங்க?" என்றார். நான் சிலேட்டைத் துடைத்துவிட்டேன்.

வெளியே போய்ச் சாப்பிடுவதை நான் அடியோடு விட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டாரில் ஏற்றிப் பிரிஞ்சாங்கில் பாய் கடைக்குக் கூட்டிப்போனார். ரொட்டியை வாயில் வைத்ததும் இருமல் வந்தது. கழுத்துத் துணிக்கு அடியிலிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர்கள் தட்டோடு எழுந்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். பக்கிரி எழவில்லை. கோப்பிக்குச் சீனி குறைக்கச் சொல்வது மாதிரி, "பாய், நம்ம வாத்தியாருக்கு மூச்சு கழுத்து வழியா. அதான் இருமலும் அங்கேருந்து வருது. தொத்தாது. இன்னொரு ரொட்டி போடுங்க" என்றார்.

பாய் என்னைக் கொஞ்சம் பார்த்தார். "கொழம்பு மேல ஊத்தவா, தனியா வைக்கவா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. பாய் மட்டும் நான் எழுதி முடிக்கும்வரை கரண்டியோடு நின்றார்.

குரல்வளை போனவர்களுக்கு மறுபடி பேசப் பழக்கும் சீன அம்மையார் ஒருவர் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தை உதட்டாலும் நாக்காலும் சொல்லாக்க வேண்டும். பக்கிரி துணைக்கு வந்திருந்தார். மலையடியில் உள்ள தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் இருவருமே வாந்தி எடுத்துவிட்டு, வெளிறிப்போய் அந்த அறையில் உட்கார்ந்தோம். அம்மையார் செய்து காட்டினார். தவளை கத்துவது மாதிரி இருந்தது. வகுப்பில் ஏப்பம் விட்ட பையன்களை வெளியே நிற்க வைத்தவன் நான். அதையே என் பேச்சாக வைத்துக்கொள்வதற்கு ஊமையாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

பக்கிரிக்கு அப்படித் தோன்றவில்லை. வரும்போதெல்லாம் இரண்டு சோடா வாங்கி வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, மற்றதைக் குடித்து, ஏப்பத்திலேயே "காக்கா" என்பார். "பாப்பா" என்பார். அந்த மாதிரி அடித்துச் சொல்லும் எழுத்துத்தான் முதலில் வரும் என்று அம்மையார் சொன்னதை அவர் மறக்கவில்லை. நல்ல குரல் உள்ள மனிதர், மீசை நரைத்தவர், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காக்கா, பாப்பா என்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சோடாவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சிலேட்டில் பெரிதாகப் 'போ' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். என் எழுத்தை அவர் வாசிக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"கண்ணாடி கொண்டாரல வாத்தியாரே, என்னா எழுதியிருக்கு?"

அவர் கண்ணாடி போட்டதே கிடையாது. ஆத்திரத்தில் காற்று எப்படி உள்ளே போனதோ, "போ" என்று வெளியே வந்துவிட்டது.

"கேட்டுச்சு" என்றார். போகவில்லை. எனக்காக வைத்திருந்த சோடாவையும் உடைத்து அவரே குடித்தார்.

அதற்குப் பிறகு பேசினேன், அவரிடம் மட்டும். சொல் வாக்கியமாக நாளானது. பள்ளி வேலை போய், திரிங்காப்பில் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்து, என்னால் முகர முடியாத பூக்களைப் பயிர் செய்யத் தொடங்கிய பிறகும் அவர் வந்தார். பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து ஆலைக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவோம். வேறு யாராவது சரிவேறி வந்தால் நான் நிறுத்திவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொள்வேன். "எங்கிட்ட பேசுறத அவங்ககிட்டயும் பேசலாம்ல" என்பார். அவர்கள் நின்று கேட்க மாட்டார்கள் என்பேன். அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்.

அண்மையில் ஒன்று கேட்டார். கியா பார்ம் ஊருக்கு அந்தப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் வீரையா என்று ஒருவர், தோட்டத்தில் மருந்து அடித்தவர். எனக்குச் செய்த அதே அறுவை. வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அவருக்கும் மனைவிக்கும் படிக்கத் தெரியாததால் சிலேட்டும் உதவாது. பக்கிரி ஏப்பம் விட்டுக் காட்டினால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். "நான் செஞ்சா கேலி பண்ற மாதிரி இருக்கு அவருக்கு. எனக்குத்தான் கொரலு இருக்கே. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க வாத்தியாரே" என்றார். முன்பின் தெரியாதவர் எதிரில் அந்தச் சத்தத்தை எழுப்புவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. பல நாள் யோசித்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகப் பேசிக்கொண்டோம். வியாழக்கிழமை காலையில் அவர் இறந்துவிட்டார்.

இறுதிச் சடங்கில் பலர் பேசினார்கள். என்னையும் ஏதாவது சொல்லும்படி ஒருவர் கையால் சைகை காட்டினார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், உருக்கமாகத் தலையாட்டினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். வாய்விட்டு வாசிக்க அங்கே ஆளில்லை. புறப்படும்போது செல்லம்மா அருகில் வந்தார். "அண்ணே, வீரையா வீட்டுல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வருவோம்னு இவரு சொல்லிட்டு வந்திருந்தாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கியா பார்மில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். வீரையாவின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் அவர், எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. "பக்கிரி அண்ணன் மோட்டார நிறுத்திட்டு வராருங்களா?" என்று அந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வீரையாவும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து காற்றை விழுங்கினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அடுத்து வெறும் சத்தம் வந்தது. அந்த அம்மா பயந்து ஓர் அடி பின்னால் போனார். வீரையா வாசலை விட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"பக்கிரி" என்றேன். மறுபடி காற்றை விழுங்கி, "செத்துட்டாரு" என்றேன். குரல் போன பிறகு, பக்கிரியைத் தவிர வேறு மனிதர்களிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீரையாவின் உதடு அசைந்தது. எனக்குப் புரியவில்லை. மறுபடி அசைந்தது, அப்போதும் புரியவில்லை. நான் எழவில்லை, அவர் சொல்ல வந்ததை நானே ஊகித்துச் சொல்லவும் இல்லை. பக்கிரிசாமியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இது ஒன்றுதான், ஒருவரைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பது. வெளியே மழை பிடித்து, விட்டது. உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கடைசியில் பிடிபட்டது. இனிமே யாரு வருவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வருவேன் என்று சொன்னேன். அது கேட்டதா இல்லையா என்று எனக்குச் சொல்லப் பக்கத்தில் பக்கிரி இல்லை.