குடிபோவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை

மருத்துவமனையில் எல்லோரும் அவரை ‘டபுள்செக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் அக்காவுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு நாடா ஒட்டுவார்கள். உள்ளே சூடு சரியாக ஏறியிருந்தால் நாடாவில் இருக்கும் கோடுகள் கறுத்துவிடும்.

“மெஷின் ஓடி முடிஞ்சிடுச்சுக்கா, அனுப்பிடலாமா?” என்று யாராவது கேட்டால், “மெஷின் ஓடினது இருக்கட்டும். கோடு கறுத்துச்சா? அதைச் சொல்லு” என்பார்.

அப்படிப்பட்டவர் வீடு வாங்கக் கிளம்பினால் தரகர்களின் பாடு எப்படியிருக்கும்!

நகரத்தின் கடைசி விளிம்பில், லாரிகள் நிறுத்தும் மைதானத்துக்கு எதிரே வாடகை வீடு. காலை ஏழு மணி வேலைக்கு நாலு ஐம்பது பேருந்தைப் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, நின்றுகொண்டே தூங்கிப் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால், சிறுவயதில் வளர்ந்தது ஒரு சிமென்ட் கிடங்கின் மாடியில். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரியும். நாற்பத்து நான்கு வயதுவரை அக்காவின் ஜன்னலுக்கு வெளியே மரம் என்று ஒன்று நின்றதில்லை. ஆகவே வங்கியிலிருந்து கடன் ஒப்புதல் கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டார்: “எனக்கு ரெண்டே விஷயம். மரம் வேணும். வேலைக்குச் சீக்கிரம் போகணும். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குங்க.”

மற்றதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஊருக்கே பார்வையைத் திருத்திக் கொடுப்பவர், வீடு பார்க்கப் போனால் மட்டும் வாசலிலேயே மனதைப் பறிகொடுத்துவிடுவார்.

முதலில் பறிகொடுத்தது புறநகரில் எழும்பிய பதினான்கு மாடிக் குடியிருப்பில். இரண்டு பால்கனி, பளபளக்கும் தரை. விளம்பரத் தாளில் கட்டடத்தைச் சுற்றி ஒரு காடே இருந்தது.

“ஸ்டேஷன் பத்தே நிமிஷம் மேடம்” என்றார் தரகர்.

“யாரு நடந்து பாத்தது?”

தரகர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். நடைபாதை கிடையாது. லாரிகள் தோளை உரசிக்கொண்டு போயின. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நிலையத்தைத் தொட்டு, அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்தார். “வந்துட்டேன். வழியில ஒரு மரம்கூட இல்ல. அந்தக் காடு தாள்ல மட்டும்தான் இருக்கு. இறங்கி வாங்க.”

இரண்டாவது இடத்தில் உண்மையிலேயே காடு இருந்தது. பூங்கா, ஏரி, கொக்கு எல்லாம் இருந்தன. ஆனால் கடைசிப் பேருந்து ஏழரைக்கு. “கொக்குக்குப் பஸ் வேணாம். நமக்கு வேணுமே” என்று திரும்பிவிட்டார்.

மூன்றாவது வீட்டைப் பார்க்கப் போனபோதுதான் எல்லாம் தலைகீழாக நடந்தது. நகரத்துக்கு நடுவில், ரயில் பாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய தெரு. இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டிருந்ததால் மத்தியான வெயில் தரையில் சில்லறைபோல் சிதறிக் கிடந்தது. நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை. வீடு முதல் மாடியில். சமையலறைச் சுவருக்கு யாரோ கத்தரிப்பூ நிறத்தில் வண்ணம் அடித்திருந்தார்கள். படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

கணவர் முதல்முறையாக முகம் சுளித்தார். “இதுவா? இதுல அலமாரியை எங்க வைக்கிறது, தலைமேலயா?”

அக்கா கூடத்து ஜன்னலைத் திறந்துகொண்டு நின்றார். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு கிளை. அதில் ஓர் அணில் தலைகீழாகத் தொங்கியபடி அவரையே பார்த்தது. அக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெண் பார்க்கும் நாளில்கூட இப்படி அடித்ததில்லை என்று பிறகு கணவரிடமே சொன்னார். அவர் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

ஆனால் டபுள்செக் அக்கா தன் படபடப்பை மட்டும் நம்பிவிடுவாரா? வீடு திரும்பியதும் குடும்பத்தைக் கூட்டி அறிவித்தார்: “வர்ற திங்கக்கிழமை நாம எல்லாரும் அந்த வீட்டுலதான் இருக்கோம்.”

“வாங்கவே இல்லையேம்மா” என்றாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்.

“வாங்கினா எப்படி இருக்கும்னு இருந்து பாப்போம். அங்கேர்ந்து நான் ஆஸ்பத்திரிக்கு, அப்பா கடைக்கு, நீ ஸ்கூலுக்கு. சாயங்காலம் எல்லாரும் அங்கேயே திரும்பணும்.”

“நான்?” என்றார் மாமனார். எழுபத்தாறு வயது. முழங்கால் வலியால் சக்கரம் வைத்த கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்.

“நீங்கதான் மாமா முக்கியம். நாங்க வெளிய போயிடுவோம். பகல் முழுக்க அங்க இருக்கப் போறது நீங்க. கீழ மரத்தடியில பெஞ்சு இருக்கு. உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா வேணாம்.”

மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார்.

திங்கள் காலை வாடகை வண்டி பிடித்து ஆறு மணிக்கு அந்த வாசலில் போய் இறங்கினார்கள். நான்கு சாப்பாட்டு டப்பா, ஒரு ஃபிளாஸ்க், மாமனாருக்கு ஒரு தலையணை. மரங்களில் பறவைகள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. மகள் கண்ணைக் கசக்கியபடி நின்றாள்.

“அந்த மரத்துக்குத் தூங்குமூஞ்சின்னு பேரு. உன் சொந்தக்காரங்கதான், வணக்கம் சொல்லு” என்றார் அப்பா.

“அப்பா, இல்லாத வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்குப் போறது உலகத்துலயே நான் ஒருத்திதான்.”

தரைத்தள ஜன்னல் திறந்தது. நரைத்த கூந்தலை முடிந்துகொண்டே ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

“யாருங்க வேணும்?”

“யாரும் வேணாங்க. வேலைக்குக் கிளம்பிட்டிருக்கோம்” என்றார் அக்கா.

“இங்கேர்ந்தா? எந்த வீடு?”

“முதல் மாடி. இன்னும் வாங்கல. வாங்கினா சரிப்படுமான்னு ஒருநாள் இருந்து பாக்கறோம்.”

அந்த அம்மாள் நால்வரையும், தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நாப்பது வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினவ நான். இப்படி ஒரு குடும்பத்தைப் பாத்ததில்ல. போங்க, போங்க, நேரமாச்சு!”

அக்கா ஆறு பத்துக்கு நடக்க ஆரம்பித்தார். ஏழு நிமிடத்தில் நிலையம். நடந்த வழியெல்லாம் நிழல், அகலமான நடைபாதை. மூன்று நிமிடத்தில் ரயில் வந்தது. உட்கார இடமும் கிடைத்தது! பதினாலு நிமிடத்தில் மருத்துவமனை நிறுத்தம். பிரிவின் கதவைத் தொட்டபோது ஆறு முப்பத்தெட்டு. பூட்டியிருந்தது.

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்து அக்கா பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு நிமிடம் கையில் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மருத்துவமனை உணவகத்துக்குப் போய் ஒரு தேநீர் வாங்கி, உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தார். அந்த உணவகத்தில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதை அன்றுதான் கண்டார்.

அன்று முழுவதும் இடுக்கிகளை எண்ணும்போது வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. “என்னக்கா, லாட்டரி கிட்டரி அடிச்சிருச்சா?” என்றாள் உடன் வேலை செய்பவள்.

“பேசாம எண்ணு. இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு” என்றார் அக்கா. எண்ணச் சொன்னது அவளை. பாதி என்று சொன்னது வீட்டுக் கணக்கு: திரும்பிப் போகும் பயணம் இன்னும் பாக்கி.

மாலையில்தான் சோதனை வந்தது. நிலையத்தில் சனம் நெரிந்தது. சிக்னல் கோளாறு, ரயில் எப்போது வருமென்று தெரியாது என்று ஒலிபெருக்கி சொன்னது. ‘காலையில காட்டின அழகெல்லாம் இவ்வளவுதானா?’ பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: நல்லதுதான், இன்றைக்கே தெரிந்துபோகட்டும். நிலையத்துச் சுவரில் இருந்த வழித்தட வரைபடத்தை மூக்கு உரசப் படித்தார். தெருவுக்கு இரண்டு நிறுத்தம் முன்புவரை ஒரு பேருந்து போகிறது. அங்கிருந்து கால்வாய் ஓரமாக ஒரு நடைபாதை.

பேருந்து ஆறாவது நிமிடம் வந்தது. இறங்கினால், கால்வாய்க்கரை நெடுகிலும் மரம். ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நாயை இழுத்துக்கொண்டு போகிறவர்கள், நாய் இழுத்துக்கொண்டு போகிறவர்கள். அக்கா கிட்டத்தட்ட ஓடினார். கோளாறான நாளிலும் வாசலில் இருந்து வாசலுக்கு நாற்பத்தொரு நிமிடம்! பழைய வீட்டுக்கு நல்ல நாளிலேயே இரண்டு மணி நேரம். இதை முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று மரத்தடிக்கு விரைந்தார்.

பெஞ்சில் தலையணை மட்டும் இருந்தது.

“மாமா!”

கைத்தாங்கியும் இல்லை. வயதானவரைத் தெருவில் உட்கார வைத்துவிட்டுப் போனேனே, எனக்கென்ன பைத்தியமா? கட்டடத்தைச் சுற்றி ஓடினார். பின்முற்றத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: “ராஜாவை இறக்குங்கய்யா, எவ்வளவு நேரம் யோசிப்பீங்க!”

மாமனார்தான். நான்கு பேர் நடுவில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்த தபால்கார அம்மாள் எதிரணி. மகள் ஏற்கெனவே பள்ளியிலிருந்து வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து யாரோ கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

“வந்துட்டியாம்மா? மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணுவரைக்கும் பெஞ்சுல வெயிலே படல. மூணு மணிக்கு லேசா அடிச்சுது, இவங்க உள்ள கூப்பிட்டாங்க. தண்ணி காலையும் சாயங்காலமும் ஒழுங்கா வருது. ரயில் சத்தம் கேக்குது, ஆனா தூங்க விடுது. நான் ஒரு மணி நேரம் தூங்கிப் பாத்துட்டேன்” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார் மாமனார்.

“இன்னொண்ணு சொல்லுங்க” என்றார் தபால்கார அம்மாள்.

“ஆங். நாலு மணிக்குத் தரகர் வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த ஆளு கார்லேர்ந்து இறங்கவே இல்ல. கண்ணாடியை இறக்கிப் பாத்துட்டு, சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு.”

அக்காவின் போன் அப்போதுதான் அடித்தது. தரகர். இன்னொரு பார்ட்டி தயாராக இருக்கிறது, நாளைக் காலைக்குள் முடிவு சொன்னால் நல்லது என்றார். கணவர் அந்த நேரம் பார்த்து முற்றத்துக்குள் நுழைந்தார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

“கடையிலேர்ந்து ஒரே பஸ்! கால்வாய் பக்கம் பாத்தியா நீ? இந்தத் தெருவைப் பாத்தியா? அலமாரியைப் பத்தி நான் சொன்னதை மறந்துடு” என்று தொடங்கியவர், அக்காவின் கையில் போனைப் பார்த்து நிறுத்தினார். “யாரு?”

அக்கா மாமனாரைப் பார்த்தார். அவர் சீட்டுக்கு மேலாகத் தலையசைத்தார். மகள் வாய் நிறைய ரொட்டியோடு கட்டைவிரலை உயர்த்தினாள்.

“நாளைக்கு எதுக்கு? இப்பவே சொல்றேன்” என்றார் அக்கா போனில். “எடுத்துக்கறோம். வீடு எங்களுக்குத்தான்.”

தபால்கார அம்மாள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரப் பெண் வேறொரு நகரத்தில் இருந்தார். அவரைப் போனில் பிடித்து, காரிலிருந்து இறங்காதவரைப் பற்றியும் தலையணையோடு வந்த குடும்பத்தைப் பற்றியும் விளக்கமாகச் சொன்னாராம். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு முற்றம்வரை கேட்டது என்று மாமனார் இன்றும் சொல்வார். மறுநாள் முன்பணம் கைமாறியது. இரண்டு மாதத்தில் பத்திரம் பதிவாயிற்று.

குடிவந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிகள் பாதி பிரிக்கப்படாமல் கிடந்தன. கத்தரிப்பூச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் காலையிலேயே வாக்குவாதம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“கிளம்புங்க எல்லாரும். மாமா, நீங்களும்தான்.”

“எங்கம்மா?”

“நான் தினமும் போறது ஆஸ்பத்திரி பக்கம். ரயில் எதிர்ப்பக்கமும் போகுதில்ல? அது எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டு வரலாம்.”

“அங்க என்ன இருக்கு?” என்றார் கணவர்.

“தெரியாது” என்றார் டபுள்செக் அக்கா. அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.