இருபத்து நான்கு குதிரைக்காரர்களை இறக்கிய நாள்

எண்பதுகளின் தொடக்கம். ஆடி மாதம். ஆரணியில் எங்கள் வீட்டில் மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு என் வாயும் ஓடிக்கொண்டிருந்தது. தறிகளால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. வந்ததெல்லாம் வாயால்தான்.

என் மூத்த பெண்ணைப் பார்க்கப் போளூரிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணும் தலையைக் குனிந்தபடியே சம்மதம் சொல்லிவிட்டாள். பையனின் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரியே இருப்பார். நான் எடுத்துவிட்ட ஐந்து ஜோக்குக்கும் அவர் மீசை அசையவில்லை. எனக்குப் பேஜாராகிவிட்டது. பொண்ணு வீட்டுக்காரன் என்றால் சும்மா கேசரித் தட்டை நீட்டிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியவன்தானா? அவர் தன் படையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னதும் நானும் ஆரம்பித்தேன்.

"எங்க வம்சத்துலயும் ஒருத்தர் குதிரைப்படையில இருந்தாருங்க. பெரிய வீரர்!"

முதன்முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்த ரெஜிமென்ட்டுங்க?"

"ஆரணி ஜாகிர் ரெஜிமென்ட்டுங்க."

"கேள்விப்பட்டது இல்லியே."

"ரொம்பப் பழசுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி இருமினாள். அந்த இருமலுக்கு வாயை மூடு என்று அர்த்தம். இருபது வருடமாக அதை மதித்ததில்லை, அன்றைக்கு மட்டும் மதிப்பேனா?

உண்மையில் எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். இரண்டும் என் நைனா சாவதற்கு முன் சொன்னவை. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, நம் ஊர் ஆட்களே இரு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட காலத்தில், நம் மூத்தவர் ஒருவர் குதிரைக்காரராக இருந்தார். களம்பூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் குதிரைக் கல் என்று ஒன்று உண்டு. இது முதலாவது. எங்கள் வம்சத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் யாரும் குதிரை ஏறக் கூடாது, காரிலோ நடந்தோதான் வர வேண்டும் என்பது இரண்டாவது. அவ்வளவு பெரிய வீரர் ஏறிய குதிரையில் நாம் ஏறலாமா என்கிற மரியாதை போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தாடி, ஈட்டி, வெள்ளைக் குதிரை, ஒரே வீச்சில் ஏழு தலை எல்லாம் அன்று கேசரி ஆறுவதற்குள் நான் சேர்த்தவை.

ஹவில்தார் குதிரைக் கல் உட்பட எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். "அப்பேர்ப்பட்டவருக்கு மொதல்ல சொல்லிட்டுத்தாங்க நிச்சயம் பண்ணணும். வர ஞாயித்துக்கிழமை அந்தக் கல்லாண்ட போவலாம். மத்ததெல்லாம் அதுக்கப்பறம் பேசிக்கலாம்."

அவர்கள் போனதும் மனைவி கேட்டாள்: "கல்லு எங்க கீது, தெரியுமா?"

"தேடிக்கலாம்."

"கெடைக்கலைன்னா?"

"நானே ஒண்ணு நட்டுடறேன்."

அவள் சிரிக்கவில்லை. என் பெண் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து இழை கோத்துக்கொண்டே, "நைனா, உன் வாயால இது கெட்டுப்போச்சின்னா நான் உன்னாண்ட பேசவே மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

மறுநாள் சைக்கிளில் களம்பூருக்கு மிதித்தேன். ரைஸ் மில், லாரி ஷெட், டீக்கடை எல்லா இடத்திலும் விசாரித்து, கடைசியில் நிலம் வைத்திருக்கும் ஒரு நயினார் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்திலேயே இருக்கும் சமணக் குடும்பம். அவர், "குதிரைக் கல்லா? ஓ, கீதே! பக்கத்து ஊரு ஏரிக்கரையில. ஞாயித்துக்கிழமை பூஜை கூட உண்டு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இருய்யா, கதைய முழுசா கேட்டுக்கினு போ" என்று அவர் சொல்வது காதில் விழும்போது நான் தெருமுனையில் இருந்தேன்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் கல்லுக்குச் சாத்த ஒரு பட்டு நெய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஏதோ ஒரு பழைய புடவைக்காகச் செய்த குதிரைவீரன் புட்டாவின், அந்த உருவம் பட்டில் விழுவதற்கான துளை அட்டைகளின் கட்டு பரணில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டித் தறியில் ஏற்றி, நானும் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து நாலே நாளில் இரண்டு கஜம் நெய்தோம். சிவப்புப் பட்டில் ஜரிகையால் இருபத்து நான்கு குதிரைகள். ஒவ்வொன்றின் மேலும் முதுகை நிமிர்த்தி ஒரு வீரன். பார்க்கப் பார்க்க எனக்கே மீசை துடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹவில்தார் போளூரிலிருந்து வந்து களம்பூரில் என்னோடு சேர்ந்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. ஏரிக்கரை முழுக்க ஜனம். பொங்கல் பானைகள், மண் குதிரைகள், மேளம். கல்லைச் சுற்றிப் பெண்கள் நெருக்கமாக நின்றதால் எனக்குக் கல் தெரியவில்லை. கும்பலும் மேளமும் சேர்ந்தால் எனக்குப் போதை ஏறிவிடும். ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று உரக்கச் சொன்னேன்:

"இந்தக் கல்லுக்குச் சொந்தமான குதிரைக்காரரோட வம்சம் நாங்க! ஆரணியிலேருந்து வந்துகிறோம்!"

மேளம் நின்றது.

மாலை போடுவார்கள் என்று நினைத்துக் கழுத்தைக்கூட லேசாக நீட்டினேன். பெண்கள் மெதுவாகத் திரும்பினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு துடைப்பம் இருந்தது. அவர்கள் விலகியபோதுதான் கல் தெரிந்தது. சேணம் பூட்டிய குதிரை. அதன் மேல் யாரும் இல்லை. உடைந்து போகவில்லை, தேய்ந்தும் போகவில்லை. செதுக்கியவன் ஆளே இல்லாமல்தான் செதுக்கியிருந்தான். கல்லுக்கு எதிரில் புளியமரத்தடியில் தலைப்பாகையும் மீசையுமாக ஒரு வைக்கோல் பொம்மை கட்டப்பட்டிருந்தது.

பூஜை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த துடைப்பம் மட்டும் புதிது.

"வம்சமா? யாரு வம்சம், குதிரை வம்சமா, குதிரைய உட்டுட்டு ஓடுனவன் வம்சமா?"

நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா கதையைச் சொன்னார். அந்தச் சண்டைக் காலத்தில் ஊருக்குக் காவலாக இந்த ஏரிக்கரையில் ஒரு குதிரைக்காரனை நிறுத்தியிருந்தார்களாம். எதிர்ப்பக்கத்துக் குதிரைகள் வந்தால் ஓடிவந்து ஊரை எழுப்ப வேண்டியது அவன் வேலை. வந்தார்கள். இவன் இறங்கி ஓடிவிட்டான். குதிரை மட்டும் காலி சேணத்தோடு ஊருக்குள் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, ஊரே பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் கோரைப் புதரில் போய் ஒளிந்து உயிர் பிழைத்தது. வாயில் நுரை தள்ளிக் குதிரை அங்கேயே விழுந்து செத்தது. அது சாமியாயிற்று. அவன் வைக்கோல் ஆனான். வருடா வருடம் ஆடியில் குதிரைக்குப் பொங்கல், அவனுக்குத் துடைப்பம்.

"ஆரணியாண்ட தறிக்காரங்க வூட்ல ஒளிஞ்சிக்கினானாம். இனிமே என் வம்சத்துல எவனும் குதிரை ஏறமாட்டான்னு சத்தியம் பண்ணானாம்" என்று முடித்தார்.

என் காதுக்குள் ஏதோ இரைந்தது. நைனா சொன்ன இரண்டாவது விஷயம்! மரியாதை என்று நான் நினைத்தது மரியாதை இல்லை. உட்கார இடம் தேடினேன். பொம்மையின் பக்கத்தில்தான் இருந்தது.

எனக்கு ஏதோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த நேரம் பார்த்து ஹவில்தார் என் பையிலிருந்து பட்டுத் துணியை எடுத்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். வெயிலில் இருபத்து நான்கு வீரர்களும் ஜொலித்தார்கள்.

"அடப்பாவி! எறங்கி ஓடுனவனை மறுபடி ஏத்திக்கினு வந்துகிறான்டி!" என்று ஒருத்தி கத்தினாள்.

துடைப்பங்கள் நெருங்கின. "அம்மா, நான் நேரடி வம்சம் இல்லீங்க, தூரத்து வம்சம்" என்றேன். இன்னும் நெருங்கின. "வம்சத்துக்குத் தெரிஞ்சவன்" என்றேன். யாரோ ஒருத்தி துடைப்பத்தை ஓங்கினாள். கொசுவை விரட்டவோ என்னவோ, தெரியாது. நான் ஓடினேன்.

பொய் சொல்லவில்லை, ஓடியே விட்டேன். பெண்ணைக் கொடுக்கப் போகிறவன், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, ஏரிக்கரை நெடுக ஓடினேன். பல மைல் தள்ளியிருக்கும் தெள்ளாரைத் தாண்டித்தான் நிற்பது என்கிற வேகம். நூறு அடி போன பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வம்சந்தாண்டி! சந்தேகமே இல்ல! ஓடற ஓட்டத்தைப் பாரு!"

என் மூதாதையரைத் தேடி வந்தேன் அல்லவா? கண்டுபிடித்துவிட்டேன். இதற்கு மேல் ஓர் அத்தாட்சியை எந்தப் பட்டயமும் தந்திருக்காது.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். ஹவில்தார் நான் விட்டுப்போன இடத்திலேயே, பட்டை விரித்துப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். என் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். ஏறியிருந்தால் வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பது? ஓடும்போது நொடியில் போன நூறு அடி, திரும்பி நடக்கும்போது ஒரு காத தூரமாக இருந்தது.

அந்த அம்மா என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். "ஓடுனவன் வம்சத்துல திரும்பி வந்தவன் நீதான். இன்னா பண்ணப் போற?"

யோசிக்காமல் சொன்னேன்: "ஒரு ஊசி குடுங்கம்மா. எறக்கிடறேன்."

கல்லுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஜரிகையை ஊசியால் கிளப்பி, பல்லால் அறுத்து, இழை இழையாக உருவினேன். ராத்திரியும் பகலும் உட்கார்ந்து ஏற்றியவர்களை ஒவ்வொருவராக இறக்கினேன். முதலில் தலைப்பாகை போகும், பிறகு மார்பு, பிறகு கால். குதிரை மட்டும் மிச்சம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கிண்டல் செய்தார்கள். "அந்தக் காலு இன்னும் கீதுய்யா, ஓடிடப்போவுது!" "ஜல்தி ஆவட்டும், பொங்கல் ஆறுது!"

பத்தாவது ஆளை இறக்கும்போது, ஹவில்தார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் நிமிரவில்லை. சம்பந்தம் முறிந்தது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொத மொத சுட ஆரம்பிச்சப்ப நானும் ஓடத்தான் பார்த்தேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பக்கத்துல இருந்தவன் என் பெல்ட்டைப் புடிச்சிக்கினு உடல. அதனால நின்னேன். மெடலெல்லாம் அப்பறம் குடுத்ததுங்க."

ஊசி விரலில் குத்தியது.

"உங்க மூத்தவரை இந்தக் கரையில தனியா நிறுத்தியிருக்காங்க. புடிச்சிக்க ஆளு இல்ல." முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி, "ஓடுனது தப்புன்னு நான் சொல்லல. அன்னிக்கு என்னாண்ட ஏழு தலைன்னு சொன்னீங்களே, அதுதான் தப்பு. இன்னொரு தரம் அப்படிப் பேசாதீங்க, சம்பந்தி" என்றார்.

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கண் மங்கிவிட்டது. பதினோராவது ஆளுக்குப் பதில் ஒரு குதிரையின் காதை அறுத்துவிட்டேன்.

வெயில் சாய்வதற்குள் இருபத்து நான்கு பேரும் இறங்கிவிட்டார்கள். வெறும் குதிரைகள் ஓடும் சிவப்புப் பட்டை அந்த அம்மா வாங்கிக் கல்லுக்குச் சாத்தினார். மேளம் தொடங்கியது. பிறகு வழக்கம் போலப் பொம்மைக்குத் துடைப்பம் விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் என் முதுகு நெளிந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என் பெண் சிரித்துச் சிரித்துத் தறியிலிருந்து விழப் பார்த்தாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நடந்துதான் வந்தார்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆடிக்கும் அந்த ஏரிக்கரைக்குப் போகிறேன். பூஜை முடிந்து பெண்கள் துடைப்பத்தோடு பொம்மையை நோக்கிக் கிளம்பும்போது, நான் போய் அந்த வைக்கோல் மனிதரின் பக்கத்தில் ஒட்டி நின்றுகொள்கிறேன். எனக்கும் இரண்டு மூன்று விழுகிறது. கை தவறி விழுந்ததென்று அந்த அம்மா சொல்கிறார், நான் நம்பவில்லை. அந்தக் குதிரைக்காரரின் பெயர் என்ன, ஓடும்போது என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கரையில் அன்று அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது மட்டும் தெரியும், அது தெரிந்த நாளிலிருந்து யாரையும் கோழை என்று சொல்ல இந்த வாயாடிக்கு வாய் வரவில்லை.