கையால் நிறுத்திய பந்து

ஹாக்கியில் கார்னர் கிடைத்தால் அந்தக் காலத்தில் மூன்று பேருக்கு வேலை. ஒருவன் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவான். இன்னொருவன் மண்டியிட்டு அதை வெறுங்கையால் நிறுத்துவான். மூன்றாமவன் ஓங்கி அடிப்பான். கைதட்டலெல்லாம் அடிக்கிறவனுக்கு. கன்னியப்பன் நிறுத்துகிறவன்.

செஞ்சி காலனியில் காத்தாயியின் ஒரே மகன் அவன். புருஷன் செத்தபிறகு நடவுக்கும் கடலை பிடுங்கவும் போய் அவனைப் படிக்கவைத்தாள். அந்தத் தெருவில் கல்லூரி வரை போன முதல் ஆள். படிப்பு சுமார்தான். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அவன் உள்ளங்கைக்கடியில் அடங்கிப்போகும். அவன் நிறுத்தியதை அடிப்பவன் வெங்கடரமணன், கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அரங்கநாதன் செட்டியாரின் மகன். கல்லூரியில் இருவரும் நீ, நான். செஞ்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கன்னியப்பன் வாயில் ‘நீங்க’ வந்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அறுபத்து நான்காம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு அந்தக் கல்லூரி அணி தோற்கவேயில்லை. போட்ட கோல்களில் பாதிக்குமேல் கார்னரில் வந்தவை. கடைசியில் இன்னொரு கல்லூரியும் அவர்களும் புள்ளிகளில் சமமாக நின்றார்கள். பொது இடத்தில் ஒரே ஆட்டம் ஆடி முடிவு செய்வது என்று பேசி, செஞ்சிப் பள்ளிக்கூடத்து மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் ஒரு நூல் மில் தன் ஹாக்கி அணிக்கு ஆள் பார்க்க மேனேஜரை அனுப்புவதாகச் செய்தியும் வந்தது. அணியில் சேர்ந்தால் மில்லில் நிரந்தர வேலை. கன்னியப்பனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பரீட்சையில் தேறுவோம் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் பயிற்சியில், அவன் கையை எடுப்பதற்குள் வெங்கடரமணனின் மட்டை இறங்கிவிட்டது. வலக்கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. தளவானூரில் கட்டுப் போடும் ராஜாங்கம் விரல்களை நேராக இழுத்து, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் தடவிய துணியைச் சுற்றினார். நல்ல கட்டு. குறை சொல்ல எதுவுமில்லை.

“அமாவாசை தாண்டி நானே அவுக்கிறேன். அதுக்குள்ள தொட்டீன்னா என்கிட்ட வராத” என்று சொல்லி அனுப்பினார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வெங்கடரமணன் வந்தான். காலனிக்குள் நுழையவில்லை. ரோட்டிலேயே சைக்கிளை நிறுத்தி மணியடித்தான்.

“வேற யாரனா நிறுத்தட்டுங்க” என்றான் கன்னியப்பன்.

“யாரு, நம்ம டீமு தனசேகரனா? அவன் நிறுத்துனா பந்து தாண்டிச் செஞ்சிக் கோட்ட மேல ஏறிடும்.”

“கட்டு இருக்குதுங்க.”

“சரி, ஒக்காந்து வேடிக்க பாரு. வேடிக்க பாக்கறவனத்தான் மேனேஜரு தேடிகினு வராரு.”

கன்னியப்பன் இடக்கையால் நிறுத்திப் பார்த்தான். பந்து துள்ளி ஓடியது. விடிந்ததும் வெந்நீரில் கையை ஊறவைத்தான்.

“இன்னாடா பண்ற?” என்றாள் காத்தாயி.

“இன்னிக்கி ஒரு நாளுக்குத்தாம்மா. சாயங்காலம் மறுபடி கட்டிக்கலாம்.”

“ஒன் எலும்புக்கு இன்னிக்கி லீவுன்னு சொல்லிட்டியா?”

பேசினாளே தவிர, ஊறிய துணியைப் பிரித்துவிட்டவளும் அவள்தான். மில் வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது. ஒட்டத் தொடங்கிய எலும்பை நடுவில் அசைத்தால் அது தனக்குத் தோன்றிய கோணத்தில் ஒட்டும். அப்புறம் கெஞ்சிப் பயனில்லை.

கடைத்தெருவே மைதானத்துக்கு வந்திருந்தது. கடைசி நிமிஷங்கள் வரை கோல் இல்லை. அப்போது கார்னர் கிடைத்தது. பந்து சரளையில் குதித்து வந்தது. கன்னியப்பன் கையை வைத்தான், நின்றது. வெங்கடரமணன் அடித்தான், கோல் பலகையில் பந்து மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஜனம் வெங்கடரமணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. கன்னியப்பன் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று.

மேனேஜர் விவரம் தெரிந்தவர். அடித்தவனை மட்டுமல்ல, நிறுத்தியவனையும் சென்னைக்கு வரச் சொன்னார். அன்று ராத்திரி காத்தாயி வீட்டில் கறிக்குழம்பு.

மறுநாள் ராஜாங்கம் வீங்கிய கையைப் பார்த்தார். திட்டவில்லை. “இனிமே நேராவாதுப்பா” என்றார், அவ்வளவுதான்.

மில்லில் ஹாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி பாண்டுரங்கன் இருவரையும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, அறுந்த நூலை முடிச்சுப் போடச் சொன்னார். வெங்கடரமணன் சிரித்துக்கொண்டே போட்டான். கன்னியப்பனின் இரண்டு விரல்கள் கொக்கிபோல வளைந்து மற்ற விரல்களுக்குக் குறுக்கே நின்றன. நூல் நழுவிக்கொண்டேயிருந்தது.

“இன்னொரு கையால போடு தம்பி.”

“ரெண்டு கையும் வேணுங்களே.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஹாக்கி சாயங்காலம்தான். காலையில அறுந்தா யாரு கட்டறது?”

வெங்கடரமணனுக்கு மட்டும் வேலை உத்தரவு வந்தது. “கடைய உட்டுட்டு மில்லுல நூலு சுத்தப் போறியா?” என்று அரங்கநாதன் செட்டியார் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரில் அதைக் கேள்விப்பட்ட கன்னியப்பன் கடைக்குப் போய் வாசலில் நின்றான்.

“நீங்க போவலன்னா அந்த எடத்துக்கு என்னைச் சொல்லலாங்களே. முடிச்சு வேணாம், மூலையில எதனா வேல குடுத்தா போதும்.”

“வரலன்னு அப்பவே எழுதிப் போட்டுட்டேண்டா. வேலூர்ப் பையன எடுத்துட்டாங்களாம்.”

“எப்ப எழுதுனீங்க?”

“போன மாசம். ஒங்கிட்ட சொல்ல மறந்தே பூட்டன்.”

செட்டியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கோல் போட்ட கதையை அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். நிறுத்தியவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “அவனுக்கு இன்னா வேணுமாம்?” என்று மகனைக் கேட்டார்.

பரீட்சையில் கன்னியப்பன் எதிர்பார்த்தபடியே தோற்றான். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களுக்கு ஆள் கூப்பிடும் வேலை கிடைத்தது. “மலையனூர், மலையனூர்” என்று கத்த விரல் தேவையில்லை. மற்ற நாள்களில் காத்தாயியோடு கூலிக்குப் போனான். கதிர் அறுக்க அரிவாள் பிடிபடவில்லை, அறுத்த கட்டைச் சுமந்தான்.

அடுத்த ஆட்டப் பருவத்தில் தனசேகரன் பஸ் ஸ்டாண்டில் அவனைத் தேடி வந்தான். இப்போது அவன்தான் அணிக்குத் தலைவன்.

“புதுசா ஒரு பையன் நிறுத்தறான். கை நிதானமா இருக்குது. நீ ஒரு வாரம் வந்து சொல்லிக்குடுடா. சாப்பாடு போடுவாங்க.”

“அவங்க நைனா இன்னா பண்றாரு?”

“கூலிதான். ஏன் கேக்கற?”

“அப்ப அவன அடிக்கக் கத்துக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, கன்னியப்பன் புறப்படவிருந்த பஸ்ஸின் படியில் ஏறி, மலையனூருக்கு ஆள் கூப்பிடத் தொடங்கினான்.